சாவு ஆட்டோவுக்கு ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதிய கதை

ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் சொல்கிற தொழிலில், ஒரு பெயர் தப்பினால் போதும், நாம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் ஏதோ ஒரு வீட்டில் மாரடிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எதைத் தட்டினால் எது தொலையுமோ என்று விழித்த என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வயது பதினெட்டு. பெயர் பவித்ரா. வீடு திண்டிவனம். அங்கேயே கல்லூரியில் கம்ப்யூட்டர் முதலாம் ஆண்டு. வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி விழுப்புரத்துக்கு வந்து, ஏழுமலை அண்ணனின் ரெக்கார்டிங் கடையில் குரல் கொடுக்கிறேன். காதுகுத்து, கடைத் திறப்பு, கோயிலில் கூழ் ஊற்றுவது, சாவு எல்லாவற்றுக்கும் என் தொண்டைதான். யாரையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டிவிடுவேன். தமிழம்மா, கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரரின் இருமல், எங்கள் அப்பாவின் கொட்டாவி. சாவு அறிவிப்புக்கு மட்டும் ஐம்பது வயது ஆம்பளைக் குரல் ஒன்று வைத்திருக்கிறேன். அது ஒரு பெண்ணின் குரல் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு அறிவிப்பையும் முழுசாகப் பேசிப் பேசித் தொண்டை புண்ணானது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொடக்கம், முடிவு எல்லாவற்றையும் என் குரலிலும் ஆம்பளைக் குரலிலும் தனித்தனித் துண்டாகப் பேசி வைத்துவிட்டால் கம்ப்யூட்டரே ஒட்டித் தரும், அதற்கு ஷெல் ஸ்க்ரிப்ட் என்று ஒன்று இருக்கிறது என்று நான்தான் வாயை விட்டேன். ஒவ்வொன்றாகத் தட்டவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்துச் செய்துகொண்டே போகும். விஷயம் அவ்வளவுதான். அது எனக்கு எழுத வராது என்பதை நான் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. அவர் சொன்னது வேறு. "உயிரோட இருக்கறவன் பேரு சங்கு சத்தத்துக்குப் பின்னால வந்துடக் கூடாது பவி. வந்துச்சுன்னா கடையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

அனுமதி இல்லை

முதல் ஸ்க்ரிப்ட் இரண்டே வரி. 'வணக்கம்' என்று திரையில் காட்ட வேண்டும். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினேன். வணக்கம் வரவில்லை. 'Permission denied' வந்தது. அனுமதி இல்லையாம். தாலுகா ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இல்ல, போ" என்கிற அதே குரல். யாரோ உள்ளேயிருந்து பார்க்கிறார்கள் என்று அண்ணன் நாற்காலியோடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

புதிதாக எழுதிய கோப்பு வெறும் எழுத்துதான், அதை ஓட்டலாம் என்று நாமே ஒரு தடவை அனுமதி தர வேண்டும். chmod +x என்று தட்டிக் கோப்பின் பெயரைப் போட்டால் தீர்ந்தது. இது தெரிய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அண்ணன் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, மெதுவான குரலில் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீ எழுதினத நீ ஓட்டறதுக்கு யாரு பர்மிஷன் தரணும்? விஏஓ கையெழுத்து எதுனா வாங்கணுமா?"

ஊரே இல்லை

ஒரு பெட்டிக்குப் பெயர் வைத்து அதற்குள் ஒன்றைப் போட்டு வைப்பதுதான் மாறி. ooru என்ற பெட்டிக்குள் முகையூரைப் போட நினைத்தேன். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று சமக் குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் இடம் விட்டேன். ஷெல்லுக்கு அழகெல்லாம் ஆகாது. இடம் விட்டால் முதல் சொல்லைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடும். ஒட்டி எழுத வேண்டும். நான் திரையைப் பார்த்து, "ஐயோ, ஊரே இல்லைங்குதே" என்று கத்திவிட்டேன். அறிவிப்பு ஆட்டோ ஓட்டுகிற சேகர் அண்ணன் அப்போதுதான் முகையூர் போய்விட்டு வந்து ஆட்டோவை நிறுத்தியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. "பாப்பா, அந்த ஊரே இல்லன்னா நான் காலைல எங்க போயிட்டு வந்தேன்? மைக்குல சொன்னப்ப சன்னல்ல நின்னு கேட்டாங்களே, அவங்கல்லாம் யாரு?"

நிற்காத சங்கு

சாவு அறிவிப்பு என்றால் முதலில் சங்கு மூன்று தடவை. மூன்று தடவையும் தட்டுவானேன் என்று சுற்று ஒன்று எழுதினேன். எண் மூன்றைத் தாண்டும் வரை ஊது. எண்ணை ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்ட வேண்டும் என்ற வரியை விட்டுவிட்டேன். அப்புறம் அது எப்போது மூன்றைத் தாண்டும்? சோதித்துப் பார்ப்பதற்காக வாசலில் கட்டிய பெரிய குழாய் ஸ்பீக்கரையும் இணைத்திருந்தேன். ஊதியது. ஊதியது. மறுபடியும் ஊதியது. பத்தாவது தடவையில் எனக்குக் காது அடைத்தது. பதினைந்தாவதில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த சின்ன ஸ்பீக்கரில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, சங்கு தொடர்ந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஓடுகிற ஸ்க்ரிப்டை நிறுத்த கன்ட்ரோலையும் C-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருக்கும் வசந்தா அக்கா பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து, செருப்பை வாசலில் கழற்றி வைத்தார். சாவு வீட்டுக்குள் நுழைவது போல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்கீங்க. அப்போ யாரை உள்ள வெச்சிருக்கீங்க?"

பனமலைக்குச் சளி

பழைய பதிவுகள் சேர்ந்துபோனால் அழிக்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். முதல் வரி: cd போட்டுப் பழைய கோப்பறைக்குப் போ. இரண்டாவது வரி: rm போட்டு அங்கே இருக்கிற ஒலிக் கோப்பு எல்லாவற்றையும் அழி. அண்ணன் அந்தக் கோப்பறைக்கு முந்தின நாள்தான் வேறு பெயர் வைத்திருந்தார். ஷெல்லால் அங்கே போக முடியவில்லை. போக முடியவில்லை என்று ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டாவது வரியைச் செய்தது. நின்ற இடம், மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டு நான் பேசி வைத்த ஊர்ப் பெயர்கள். ஒரு சத்தம் இல்லை. 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி இல்லை. குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகவில்லை. கண் சிமிட்டுவதற்குள் மாவட்டமே காலி. அப்போது என் உடம்புக்குள் இறங்கிய சில்லிப்பை, rm போட்டவர்கள் எல்லாரும் அறிவீர்கள்.

அன்றைக்கு எனக்கு ஜலதோஷம். இருந்தும் எல்லா ஊரையும் மறுபடி பேசினேன். மூக்கடைப்போடு நான் சொன்ன ஊர்கள் மறுநாள் பவனி போயின. பனமலையிலிருந்து ஒரு கோயில்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமான கவலை மட்டும். "மத்ததெல்லாம் நல்லாத்தான் சொல்றாரு. எங்க ஊரு பேரு வந்தா மட்டும் அழுவறாரு. எங்க ஊர்ல எதுனா நடக்கப் போவுதா?"

ஓனரின் குரல்

பயத்திலேயே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரே ஒரு குறும்பு செய்தேன். கிரான் என்று ஒன்று உண்டு. இத்தனை மணிக்கு இதைச் செய் என்று சொல்லி வைத்தால், நாம் ஊரிலேயே இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் செய்யும். "பவி, டீ சொல்லு" என்று ஏழுமலை அண்ணன் குரலில் பேசிப் பதிந்து, மதியம் ஒரு மணிக்கு ஒரே தடவை கேட்கும்படி வைத்தேன். அண்ணன் அப்போது கடையில் தனியாக இருப்பார். நான் திண்டிவனத்தில் வகுப்பில் இருப்பேன்.

நிமிடம் என்ற இடத்தில் பூஜ்யம் போட வேண்டும். நான் நட்சத்திரம் போட்டுவிட்டேன். நட்சத்திரம் என்றால் ஒவ்வொரு நிமிடமும். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் யாருமில்லாத கடையில், அவர் குரலே அவரிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை டீ கேட்டிருக்கிறது. நான் சாயங்காலம் போனபோது நெற்றி நிறைய விபூதியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் மெதுவாகச் சொன்னபோது சிரிப்பு உள்ளேயே செத்துப்போனது. "அறுவது வாட்டி டீ கேட்டேன் மா, என்கிட்ட நானே. வீட்டுக்குப் போன் பண்ணி, பசங்கள நல்லா பாத்துக்கன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

சீட்டு

எங்கள் கடையில் ஒரு பழக்கம். சாவுக்கு ஆட்டோ வேண்டும் என்று போனில் சொன்னால் ஊரை மட்டும்தான் குறித்துக்கொள்வார் அண்ணன். செத்தவர் பெயரைப் போனில் கேட்க மாட்டார். சாவு வீட்டு ஆள் கையால் ஒரு சீட்டில் எழுதி, சேகர் அண்ணன் கையில் நேரில் தர வேண்டும். பதிவில் சங்கு வரும், ஊர் வரும், அப்புறம் ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்தில் சேகர் அண்ணன் சீட்டைப் பார்த்து மைக்கில் தானே பெயரைச் சொல்லுவார். பிறகு பதிவு தொடரும். உயிரோடு இருக்கிறவர் பெயர் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்பதற்காக அண்ணன் கட்டி வைத்த பாதுகாப்பு அது.

என் பெரிய ஸ்க்ரிப்ட் முதல் தடவையாகத் தானே ஓட வேண்டிய காலை. முந்தின சாயங்காலம், ஸ்க்ரிப்ட் படிக்கிற பட்டியலில் அண்ணன் இரண்டு வரி அடித்தார். முதல் வரி, இரண்டு நாள் கழித்துக் கண்டாச்சிபுரத்தில் நடக்கும் காதுகுத்து, தாய்மாமன் முகையூர் தனகோட்டி. இரண்டாவது வரி, முகையூரில் ஒரு சாவு, பெயர் காலி. வரியில் பெயர் இருந்தால் எடுத்துக்கொள் என்று நான் எழுதியிருந்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. ஷெல் தானாக எதையும் மறக்காது. போன சுற்றில் பெட்டிக்குள் கிடந்த பெயர் அப்படியே கிடந்தது. காலை ஆறு மணிக்கு அதையே எடுத்துச் சங்குக்குப் பின்னால் ஒட்டி, சேகர் அண்ணனின் பென் டிரைவில் போட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததை சேகர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். சீட்டு வாங்கும் வரை சங்கும் ஊரும் மட்டும் கேட்கட்டும் என்று முகையூர் எல்லையிலேயே பதிவைப் போட்டிருக்கிறார். காலி இடம் வர வேண்டிய நேரத்தில் என் ஐம்பது வயது ஆம்பளைக் குரல், 'தனகோட்டி அவர்கள் இயற்கை எய்தினார்' என்று கம்பீரமாகச் சொல்லியிருக்கிறது. பாப்பா பேரையும் சேர்த்தே பதிஞ்சிடுச்சு போல என்று நினைத்துக்கொண்டு, சீட்டு வாங்கத் தனகோட்டி வீடு எது என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கேட்டவர்களெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் ஒருவர், மல்லாட்டைக் கொல்லைக்கு, அதுதான் வேர்க்கடலைக் காட்டுக்கு, தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சாவு வீடு இதுதானே, சீட்டு எழுதிக் கொடுங்க என்று கேட்டாராம் சேகர் அண்ணன். அந்த மனிதர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், தன் ஈரக் காலைப் பார்த்தார். "என் பேருதான் தனகோட்டி. நான் எப்போ செத்தேன்னு நீங்களே எழுதிக்கோங்க."

டிக்கெட்

திண்டிவனத்தில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஏழுமலை அண்ணன். வணக்கம் இல்லை, திட்டு இல்லை. "பவி, தனகோட்டி பேரு சங்குக்குப் பின்னால எப்புடி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். இதைவிடப் பயங்கரமான கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஸ்க்ரிப்டின் அந்த வரி கண் முன்னால் வந்து நின்றது. எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் நூறு தடவை பார்த்தபோது தெரியாதது. பாதி பின்னின தலையோடு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

தனகோட்டியின் தங்கச்சி அஞ்சலை, அவளுடைய பிள்ளைக்குத்தான் மறுநாள் காதுகுத்து, விடியலிலேயே பனமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறாள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அண்ணன் செத்துட்டார் என்று சொல்ல வண்டியில் ஆள் போய்விட்டது, போனவன் போனை எடுக்கவில்லை. இவ்வளவும் பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொரு போனாக வந்து சேர்ந்தது. போய்ச் சொல்கிறவன் முந்துவானா, நிறுத்தச் சொல்லிப் போன இரண்டாவது ஆள் முந்துவானா? யாருக்கும் தெரியவில்லை. ஒரு செய்தியை rm போட முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மா, சாவு வூட்டுக்கா?" என்றார். "தெரியலண்ணா" என்றேன். டிக்கெட்டைக் கிழித்த கை அப்படியே நின்றது. "போறது சாவு வூடா இல்லையான்னே தெரியாம எவமா டிக்கெட் எடுப்பா?"

செத்தவர் பேசுகிறார்

விழுப்புரத்தில் அண்ணன் வண்டியோடு காத்திருந்தார். முகையூர் போய்ச் சேரும் வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். ஊருக்குள் ஆட்டோவைச் சுற்றி ஆட்கள். சாவியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். சேகர் அண்ணன் மண்ணில் குந்தியிருந்தார், சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. சுற்று ஊர்களிலிருந்து உறவுக்காரர்கள் மாலையும் கையுமாக வந்து இறங்கியபடியே இருந்தார்கள். இன்னும் வருகிறவர்களை நிறுத்த வேண்டுமே. தனகோட்டி, நெடுநெடுவென்று உயரம், ஆட்டோவில் ஏறி மைக்கை வாங்கினார். "ஊராரே, நான் தனகோட்டிதான் பேசறேன். நான் சாவல. எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கலாம்."

இரண்டு தெரு தள்ளி ஒரு கிழவி கத்தினார்: "நம்பாதீங்கடா! அந்தக் கடைப் பொண்ணு பேசுது! போன பொங்கலுக்கு நம்ம ஊர்ல மேடையேறி பஞ்சாயத்துத் தலைவரு மாதிரியே பேசி, தலைவரு பொண்டாட்டியவே எழுந்து நிக்க வெச்சுதே, அதேதான்!" உண்மைதான். செய்தேன். பரிசும் வாங்கினேன். ஒரு மனிதர் தன் சொந்தக் குரலில் தான் உயிரோடு இருப்பதாகச் சொல்லியும் ஊர் நம்பாதபடி ஆக்கி வைத்திருந்தேன். கடைசியில் அவர் கீழே இறங்கி, ஆட்டோவுக்கு முன்னால் தெருத் தெருவாக நடந்து முகத்தைக் காட்டினார். சன்னலுக்கு சன்னல் நின்றார். ஒரு குழந்தை தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது.

மூன்றாவது தெரு முனையில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலை, அது நிற்பதற்கு முன்பே குதித்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது, மார்பெல்லாம் அடித்த சிவப்பு. முதல் ஆள்தான் முந்தியிருக்கிறான். தன் அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அழவில்லை. கிட்டே வந்து அவர் கையைப் பிடித்து, முழங்கையைப் பிடித்து, தோளைப் பிடித்துப் பார்த்தாள். "வண்டிக்காரன் போன்லருந்து அடிச்சேனே, ஏன்ணே எடுக்கல?" என்றாள். "மோட்டார் கொட்டாயில வெச்சிட்டேன்மா" என்றார் அவர். அதற்கப்புறம்தான் தெருவே கேட்கும்படி ஓலமிட்டு அழுதாள்.

அழுது முடித்துத் திரும்பினாள். "யாரு சொன்னது?" கூட்டம் விலகியது. எத்தனை குரல் வைத்திருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. "நான்தான்க்கா" என்று வந்தது. அது யார் குரல் என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை, என்னுடையதுதான். தப்பு எங்கே நடந்தது, காலிப் பெயருக்கு என்ன செய்திருக்க வேண்டும், இப்போதே திருத்திவிடுவேன் என்று என்னென்னவோ உளறினேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "பனமலையிலருந்து இங்க வரைக்கும் என் அண்ணன் செத்துட்டாருன்னு நெனச்சிக்கினு வந்தேன். அந்த வழிய எந்தப் பட்டன அமுக்கி அழிப்ப, சொல்லு?"

ஐந்து மாலை

இவ்வளவு களேபரத்தில் நிஜமாகச் செத்தவரை எல்லாரும் மறந்துவிட்டோம். கோடி வீட்டுப் பெரியவர். அவர் மகன் வந்து கூட்டத்துக்கு ஓரமாக நின்றார். கையில் ஒரு சீட்டு. காலையிலிருந்து அதை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்காகக் காத்திருந்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நான்கே நான்கு பேர்தான், சாகாதவர் வீட்டில் ஊரே இருந்தது. ஏழுமலை அண்ணன் அவர் காலில் விழப் போனார். அவர் தடுத்துவிட்டு, பொட்டியில பதிஞ்சது வேண்டாம், வாயால சொல்லுங்க என்றார். சீட்டை என் கையில் கொடுத்தார். ஆம்பளைக் குரல் எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, இவர்தானே, இவர்தானே என்று மகனை மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் திறந்தேன். பெயரை என் சொந்தக் குரலில் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சந்தேகப்படவில்லை.

தனகோட்டி வீட்டுத் திண்ணையில் ஐந்து மாலை கிடந்தது, சம்பங்கியும் ரோஜாவும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, எரிக்க வேண்டும் என்று அஞ்சலை கத்திக்கொண்டிருந்தாள். தனகோட்டி ஐந்தையும் தோளில் போட்டுக்கொண்டு கோடி வீட்டுக்கு நடந்தார். வந்த உறவுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பின்னாலேயே போனார்கள். பெரியவர் வீட்டு வாசல் நிறைந்தது. மாலைகளை மகன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து ஆளிடம் ஏர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு வந்ததுதான். வாடறதுக்குள்ள பெரியவருக்குப் போட்டுடுப்பா. என்னுது அப்புறமா வாங்கிக்கறேன், அவசரமில்ல."

மறுநாள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதபடி காது குத்திக்கொண்டான் என்று கேள்வி. பெயர் காலியாக இருந்தால் ஓடாதே, நின்றுவிடு என்று இரண்டு வரி நானும் சேர்த்துவிட்டேன். மற்றபடி ஷெல் ஸ்க்ரிப்ட் கற்றுக்கொள்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை, சொன்னதை அப்படியே செய்கிற ஒருவரிடம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே இருந்தால் போதும்.